மேலுதட்டுக்குள் ஒரு வளையம்

பிணவறைக்குப் பக்கத்திலிருந்த சைக்கிள் ஷெட்டில் நின்றபடி ஏட்டம்மா கையிலிருந்த தாளைப் படித்தார். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம் இருக்கலாம். கறுப்பு டீ-சர்ட், நீல ஜீன்ஸ் பேண்ட். காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லை. மேலுதட்டின் உட்புறம், ஈறை ஒட்டினாற்போல, சின்னதாக ஓர் உலோக வளையம்.

தரையைப் பார்த்துக்கொண்டிருந்த இராமச்சந்திரன் தலையை நிமிர்த்தினார்.

“இன்னாது மேடம்? கடைசியா இன்னா சொன்னீங்க?”

“வளையம் சார். ஒதட்டுக்கு உள்ள. மூக்குத்தி மாதிரி குத்தியிருக்காங்க.”

கால்மணி நேரத்துக்கு முன்னால்தான் அவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். இரண்டு நாள் கடலில் கிடந்த உடம்பு. முகத்தை வைத்து எதுவும் சொல்ல முடியவில்லை. வெளியே வந்து, ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் உட்கார்ந்திருந்தார். செஞ்சி மின்வாரியத்தில் முப்பது வருஷமாக வயர்மேன். இப்போது அவர் எழுந்து நின்றார். முகத்தில் ரத்தம் ஓடுவது தெரிந்தது.

“அப்ப இது எம்பொண்ணு இல்ல மேடம்.”

“சார், நல்லா யோசிச்சிச் சொல்லுங்க.”

“இன்னாத்த யோசிக்கறது? எம்பொண்ணு வாயப் பத்தி எனக்குத் தெரியாதா? அவளுக்குப் பால்பல்லு அத்தினியும் நூலு கட்டிப் புடுங்கனவன் நான். அவ வாயில அந்த மாதிரி எதுவும் கெடையாது. இது வேற யாரோ பொண்ணு.”

மூன்றடி தள்ளி, தண்ணீர் பாட்டிலோடு எழில் நின்றிருந்தாள். அவருடைய மூத்த மகள். ‘நைனா, கொஞ்சம் இரு’ என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்துவிட்டார்.

“விருத்தா! நம்ம தமிழு இல்ல விருத்தா! வேற யாரோ... ஆமா, போலீசே சொல்லிட்டாங்க, அடையாளம் ஒத்துவரல. நீ அழுவாத. அவ எங்கியாவது கரையேறி இருப்பா. நான் இன்னும் ரெண்டு குப்பத்துல விசாரிச்சிட்டு வரேன்.”

போனுக்குள்ளிருந்து அம்மா ஓவென்று கத்திய சத்தம் ஏட்டம்மாவுக்கும் கேட்டது. அது சந்தோஷத்தில் வந்த சத்தம். எழில் தன் வாழ்க்கையில் அம்மாவிடமிருந்து அப்படியொரு சத்தத்தைக் கேட்டதில்லை.

அவர் போனைச் சட்டைப்பையில் போட்டார். எழில் பாட்டிலைப் பக்கத்துச் சைக்கிளின் கேரியரில் வைத்தாள்.

“நைனா. அவதான்.”

“இன்னா சொல்ற நீ?”

“தமிழுதான் நைனா. அந்த வளையம் அவளுது.” ஏட்டம்மாவின் பக்கம் திரும்பினாள். “மேல் ஒதட்டத் தூக்கனா பெரிய பல்லு ரெண்டுக்கும் நேரா இருக்கும் மேடம். ரெண்டு முனையிலயும் கடுகாட்டம் குண்டு. ஒண்ணு வெள்ள, ஒண்ணு நீலம்.”

ஏட்டம்மா தாளைப் பார்த்தார். பிறகு தாளை மடித்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தார்.

இராமச்சந்திரன் எழிலையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபத்தோடு பார்த்திருந்தால்கூட அவள் தாங்கியிருப்பாள். அவர் வழி தெரியாமல் வேற்றூரில் இறங்கிவிட்டவரைப்போலப் பார்த்தார்.

“உனக்கு எத்தினி நாளா தெரியும்?”

“எட்டு மாசமா.”

அவர் சைக்கிள்களுக்கு நடுவே அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

*

தமிழினிக்கு இருபத்து மூன்று வயது. புதுச்சேரியில் வெளிநாட்டுக்காரர்களின் கல்யாணப் போட்டோக்களைக் கம்ப்யூட்டரில் திருத்திக்கொடுக்கும் கம்பெனியில் வேலை. “நேத்து ஒரு மாப்ளைக்கு வழுக்கைய மறைச்சேன்க்கா” என்று ஹாஸ்டலிலிருந்து தினமும் எழிலுக்குப் பேசுவாள். எழில் அவளுக்கு ஐந்து வயது மூத்தவள். செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலிருந்த ஒரு மெடிக்கல் ஷாப்பில் பார்மசிஸ்டாக இருந்தாள். தலைக்கு வைக்கும் எண்ணெயை மாற்றுவதென்றால்கூட அம்மாவிடம் கேட்டுவிட்டு மாற்றுகிறவள்.

எட்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள் வீடியோ காலில் வந்த தமிழினி, “அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் இரண்டு விரலால் மேலுதட்டைத் தூக்கிக் காட்டினாள். உதட்டை ஈறோடு சேர்த்துக் கட்டியிருக்கும் அந்த மெல்லிய தோலில் ஒரு குட்டி வளையம் தொங்கியது.

“அடிப்பாவி! இன்னாடி இது?”

“ஸ்மைலின்னு பேரு. சிரிச்சா மட்டுந்தான் தெரியும். மூக்கு, காது எல்லாம் ஊரே குத்திகினு இருக்குது. இது எனக்கு மட்டும். வேணும்னா காட்டுவேன், வேணான்னா மூடிப்பேன்.”

“அம்மாவுக்குத் தெரிஞ்சா செத்துடுவாங்க.”

“அதான் உனக்கு மட்டும் காட்டறேன். சத்தியம் பண்ணு.”

எழில் சத்தியம் பண்ணினாள். அதற்குப் பிறகு தமிழினி ஊருக்கு வரும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிப்பாள். “இன்னாத்துக்குடி வாயப் பொத்திகினு சிரிக்கற?” என்று அம்மா கேட்டால், “பல்லு கூசுதும்மா” என்பாள். அக்காவும் தங்கையும் ஒருவரையொருவர் பார்க்காமல் தட்டில் குனிந்துகொள்வார்கள். எழிலுக்கு அந்த ரகசியம் பிடித்திருந்தது. அவளுக்கென்று வேறு ரகசியம் எதுவும் கிடையாது.

“நீயும் ஒண்ணு குத்திக்கோக்கா” என்று தமிழினி நச்சரிக்க ஆரம்பித்தாள். முதலில் ‘போடி லூசு’ என்ற எழில், நாலைந்து மாதத்தில் ‘ரொம்ப வலிக்குமா’ என்று கேட்குமளவுக்கு வந்துவிட்டாள். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தமிழினி தனக்குக் குத்திய கடையில் நேரம் வாங்கினாள். “நீ பஸ் ஏறி வா. நான் கூடவே நின்னு கையப் புடிச்சிக்கறேன். முடிஞ்சதும் ஐஸ்கிரீம்.”

அந்த வாரம்தான் பனமலையிலிருந்து எழிலைப் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார்கள். அதே ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை மத்தியானம் மெடிக்கலில் கூட்டமில்லாத நேரம் பார்த்து எழில் தங்கைக்குப் போன் செய்தாள்.

“நாளைக்கு வேணாண்டி. ஒதடு வீங்கிப்போயி ஒக்காந்திருந்தா அவங்க கேப்பாங்க.”

“சரி வுடு, அடுத்த மாசம் பாத்துக்கலாம். அப்ப நான் ஊருக்கு வரட்டா? மாப்ளைய நானும் பாக்கணும்.”

போன வருஷம் வந்த ஒரு மாப்பிள்ளை வீட்டார், காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, “சின்னவ இன்னா படிக்கறா?” என்று கேட்டிருந்தார்கள். தமிழினி கலகலப்பானவள். அவள் இருக்கும் அறையில் எல்லோர் கண்ணும் அவள்மேல்தான் போகும். அது அவளுடைய தப்பில்லை என்று எழிலுக்குத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்:

“நீ வர வேணாம். சும்மா பாத்துட்டுப் போறாங்க, அவ்ளோதான். ஒரு நாளு லீவுக்கு எதுக்கு அலையற?”

“அதுவும் சரிதான். ஹாஸ்டல் பொண்ணுங்க பீச்சுக்குக் கூப்புட்டுனு இருக்காளுங்க. அங்க போறேன்.”

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குப் பனமலைக்காரர்கள் வந்தார்கள். கேசரித் தட்டை எழில் நீட்டிக்கொண்டிருந்தபோது நைனாவின் போன் அடித்தது. புதுச்சேரிக்கு வடக்கே ஒரு கடற்கரையில் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்த மூன்று பெண்களை ஓர் அலை இழுத்ததாம். இரண்டு பேரை மீனவர்கள் தூக்கிவிட்டார்களாம்.

*

பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று ஆஸ்பத்திரியிலேயே சொல்லித்தான் அனுப்பினார்கள். செஞ்சி சக்கராபுரத்து வீட்டின் முன்னால் ஆம்புலன்ஸ் நின்றபோது தெருவே அழுதது. எழிலின் அம்மா விருத்தாம்பாள் மட்டும் அழவில்லை.

அவள் வல்லத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளின் பசியைப் பார்த்துப் பழகிய பொம்பளை. எதற்கும் சட்டென்று கலங்கமாட்டாள். ஆனால் இது அந்த மாதிரி தைரியம் இல்லை. வாசலுக்கு வந்து பெட்டியை ஒருமுறை பார்த்தாள். உள்ளே போய், பீரோவிலிருந்து ஒரு புதுப்புடவையை எடுத்துவந்து, கணவரின் தம்பி தனகோட்டியிடம் கொடுத்தாள்.

“இத்த மேல போத்துங்க. எவ வூட்டுப் பொண்ணோ, பாவம். அவள பெத்தவ எந்தக் கரையில நின்னு தேடிகினு இருக்காளோ. நல்லபடியா அடக்கம் பண்ணி அனுப்புங்க.”

அவளுடைய தங்கை மீனம்பாள் கட்டிக்கொண்டு கதறினாள். “அக்கா, நம்ம தமிழுக்கா...”

“இல்ல மீனா. மொதல்ல பாத்ததுமே அவரு போன் பண்ணி இல்லன்னு சொல்லிட்டாரு. அப்பறம் இந்த எழிலு குறுக்கப் பூந்து ஏதோ சொல்லி அவரு மனச மாத்திட்டா. ஒதட்டுக்குள்ள எவனாவது ஓட்ட போட்டு வளையம் மாட்டுவானா? எங்கனா கேட்டிருக்கியா நீ? எம்பொண்ணு அந்த மாதிரி இல்ல. எம்பொண்ணுங்க எனக்குத் தெரியாம எதுவும் செஞ்சதில்ல.”

அடக்கம் முடிந்து ஆண்கள் குளித்துவிட்டு வந்தபோது அவள் எல்லோருக்கும் சோறு வடித்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததை எழில் யாரிடமும் சொல்லவில்லை. அம்மா போனைச் சார்ஜரிலிருந்து எடுக்கவே விடுவதில்லை. தெரியாத நம்பரிலிருந்து யார் அழைத்தாலும், லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களிடம்கூட, “தமிழா? தமிழு நீயா பேசற?” என்பாள். தமிழினியின் துணிகளைத் துவைத்து மடித்தாள். மீனவர்கள் இலங்கைப் பக்கம் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பிய கதைகளை எங்கிருந்தோ கேட்டுவந்து சொன்னாள்.

முப்பதாம் நாள் படத்திறப்பு வைக்க வேண்டும் என்று நைனா தமிழினியின் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு எடுத்துவந்தார். அம்மா அதை வாங்கி, பின்பக்க ஆணிகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் நெம்பி, போட்டோவை வெளியே எடுத்துப் பழைய ஆல்பத்தில் வைத்துவிட்டாள். காலிச் சட்டத்தைக் கணவரிடமே திருப்பிக் கொடுத்தாள். “உசுரோட இருக்கற பொண்ணுக்கு எவனாவது மால போடுவானா?” என்றாள். படத்திறப்பு நடக்கவில்லை.

நைனா பேச்சைக் குறைத்துக்கொண்டார். ஒருநாள் காலையில் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, எழிலைப் பார்க்காமல் கேட்டார்:

“நான் அவள எப்பனா அடிச்சிருக்கேனா எழிலு?”

“இல்ல நைனா.”

“அப்பறம் ஏன் அவ எங்கிட்ட சொல்லல?”

பயந்து மறைத்ததாக இருந்தால் சொல்லிவிடலாம். அது பயமில்லை, தமிழினிக்குத் தனக்கென்று ஓர் இடம் வேண்டியிருந்தது. அதை மகளை இழந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? அவர் அடுத்த ஷூ லேஸையும் கட்டிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

*

ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மெடிக்கலில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லிவிட்டு, எழில் கூட்ரோட்டில் பாண்டிச்சேரி பஸ் ஏறினாள். எதற்குப் போகிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவளால் ஒழுங்காகச் சொல்லியிருக்க முடியாது. போகிறேன் என்று வாக்குக் கொடுத்த இடம். ஒருமுறை போகாமல் இருந்துவிட்டாள். அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

மிஷன் வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில், துணிக்கடைக்கு மேலே மாடியில் இருந்தது அந்தக் கடை. முழங்கை வரை பச்சை குத்திய ஒரு பெண் வந்து கதவைத் திறந்தாள். ஷோபனா என்று பெயர் சொன்னாள். தமிழினியைவிட நாலைந்து வயது பெரியவளாக இருப்பாள்.

“பேரு எழில். ஸ்மைலி குத்தணும்.”

“எழிலா? செஞ்சி எழில் அக்காவா?” ஷோபனாவின் முகம் மலர்ந்தது. “தமிழோட அக்காதான நீங்க? ஜூன்லயே வரேன்னு சொல்லிட்டு டிமிக்கி குடுத்துட்டீங்களே! இருங்க இருங்க, உங்க பொருள் ஒண்ணு எங்கிட்ட இருக்கு.”

இழுப்பறையைக் கிளறி ஒரு சின்னப் பாக்கெட்டை எடுத்தாள். அதன்மேல் ‘எங்கக்கா எழில்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. சாய்ந்து சாய்ந்து விழும் தமிழினியின் கையெழுத்து. உள்ளே ஒரு வளையம். ஒரு குண்டு வெள்ளை, இன்னொன்று பச்சை.

“அவங்களே தேடி எடுத்து வெச்சாங்க. ஏன் பச்சைன்னு கேட்டேன். ‘எங்கக்கா மெடிக்கல் ஷாப்புல இருக்கா, போர்டு பூரா பச்சை’ன்னு ஒரே சிரிப்பு.” ஷோபனா கதவுப் பக்கம் எட்டிப் பார்த்தாள். “அவங்க எங்க? வரலியா?”

எழில் பாக்கெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்ல வேண்டியது மூன்று வார்த்தை. இரண்டு மாதமாக எத்தனையோ பேரிடம் சொன்ன வார்த்தைகள்தான். மெடிக்கலுக்கு வருகிறவர்கள், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள், எல்லோரிடமும் அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. இந்த மாடியில் இன்னும் யாரும் சொல்லவில்லை.

“லீவு கெடைக்கல” என்றாள்.

“இந்தக் கம்பெனிக்காரனுங்களே இப்பிடித்தான். சரி, அடுத்த வாட்டி கூட்டிட்டு வாங்க.”

“சரி.”

சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, வாயைக் கொப்பளிக்கச் சொல்லி, உதட்டை மேலே மடித்துப் பார்த்தாள் ஷோபனா. “நல்ல மெல்லிசா இருக்கு. உங்க தங்கச்சிக்கு மாதிரியே.” கையுறை மாட்டினாள். ஊசியைப் புதுக் கவரிலிருந்து பிரித்தாள். வேலை செய்துகொண்டே பேசினாள். “உங்களப் பத்திதான் எப்பவும் பேச்சு. ‘எங்கக்கா பயந்தாங்கொள்ளி, ஆனா நான் கூப்ட்டா வந்துடுவா’ன்னு சொல்லுவாங்க.”

எழில் நாற்காலியின் கையை இறுகப் பிடித்தாள்.

“மூச்ச நல்லா இழுங்க. மெதுவா வுடுங்க.”

எறும்பு கடித்ததுபோல் சுருக்கென்றது. கண்ணில் நீர் கோத்தது. அதற்குள் வளையம் உள்ளே போய்விட்டது.

“முடிஞ்சிடுச்சிக்கா.”

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

அவ்வளவுதான் என்று எழில் நினைத்திருக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதெல்லாம் பெரிய வலி ஒன்றுக்குத் தயாராகிக்கொண்டே வந்திருந்தாள். அப்படி வலிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். அது ஒரு நொடியில் முடிந்துபோனது. இதற்காகவா அன்றைக்கு வரமாட்டேன் என்றோம்? இந்த ஒரு நொடிக்காகவா? அவள் குலுங்கிக் குலுங்கி அழ ஆரம்பித்தாள். ஷோபனா பயந்துபோய்ப் பஞ்சை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

“வலிக்குதாக்கா?”

எழில் இல்லையென்று தலையாட்டினாள்.

“அப்ப ஏன் அழறீங்க? சில பேருக்கு இப்பிடித்தான் ஆவும். ஒண்ணும் இல்ல, தண்ணி குடிங்க. தமிழுக்குப் போன் போட்டுத் தரட்டா?”

“வேணாம்” என்றாள் எழில். “வேலையில இருப்பா.”

*

நாலு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தபோது உதடு வீங்கி, மூக்குக்குக் கீழே ஒரு கட்டி வந்ததுபோல் இருந்தது. அம்மா சமையலறையில் இருந்தாள்.

“சாப்டியா?”

“இல்ல.”

“இரு, கொழம்பு சூடா இருக்குது.”

காரக்குழம்பு. முதல் வாயிலேயே உதட்டுக்குள் தீ வைத்ததுபோல் எரிந்தது. எழில் முகத்தைச் சுளித்ததை அம்மா பார்த்துவிட்டாள்.

“இன்னாடி ஆச்சு ஒதட்டுல? எங்கனா வுழுந்தியா?”

“ஒண்ணும் இல்லம்மா.”

“காட்டு.”

“ஒண்ணும் இல்லம்மா, பல்லு கடிச்சிடுச்சி.”

“காட்டுன்னா காட்டு.” தினமும் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் தாடையைப் பிடிப்பதுபோல எழிலின் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கினாள்.

விரல் அப்படியே நின்றது.

எழில் கண்ணை மூடிக்கொண்டாள். அம்மாவின் விரலில் பூண்டு வாசனை அடித்தது. அடி விழும் என்று காத்திருந்தாள். விழவில்லை.

“எப்பக் குத்தன?”

“இன்னிக்கி.”

“யாரு சொல்லி?”

“யாரும் சொல்லல. நானாத்தான் போனேன்.”

“நீயா?” அம்மாவின் குரலில் கோபம் இல்லை. நம்ப முடியாத ஒன்றைத் தொட்டுப் பார்க்கிறவளின் குரல். “எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லாமியா?”

“ம்.”

“நான் இப்ப பாக்கலன்னா சொல்லியிருப்பியா?”

பொய் சொல்லலாம். எழிலுக்கு அன்றைக்குப் பொய் தீர்ந்துபோயிருந்தது.

“சொல்லியிருக்க மாட்டேம்மா.”

அம்மா உதட்டை விட்டாள். ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டாள். எழிலின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீயே சொல்லமாட்டன்னா,” என்றாள் கடைசியில், “அவ எப்பிடிச் சொல்லுவா?”

குக்கர் மூடியை எடுத்தாள். எங்கே வைப்பதென்று தெரியாமல் மறுபடி அதே இடத்தில் வைத்தாள்.

“அப்ப அது அவதான்.”

“அம்மா...”

“அது அவதான் எழிலு. வாசல்ல கெடந்தது அவதான்.” குரல் இன்னும் நிதானமாகவே இருந்தது. பிறகு அவளுக்கு ஏதோ ஞாபகம் வந்தது. “நான் பக்கத்துல ஒக்காரலியே. யாரோன்னு சொல்லிட்டு உள்ள வந்துட்டனே. பொடவையக் கூட நான் போத்தலியே, தனகோட்டி கையில குடுத்துட்டு... சோறு வடிச்சிகினு இருந்தனேடி! எம்புள்ள வாசல்ல கெடக்க நான் சோறு வடிச்சிகினு இருந்தனே!”

அப்படியே தரையில் சரிந்தாள். இரண்டு மாதமாக வராத அழுகை வந்தது. அடிவயிற்றிலிருந்து, தெருமுனை வரைக்கும் கேட்கும்படி. எழில் கீழே உட்கார்ந்து அம்மாவின் தலையை மடியில் இழுத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். இவ்வளவு நாள் உள்ளே வைத்திருந்தது இனிமேலும் நிற்காது என்று தோன்றியது.

“அன்னிக்கி அவ வூட்டுக்கு வரேன்னு சொன்னாம்மா. நான்தான் வேணான்னேன். அவ வந்தா எல்லாரும் அவளத்தான் பாப்பாங்கன்னு... அதுக்கோசரம் வேணான்னேன். இத்தக் குத்திக்கக் கூப்ட்டா, அதுக்கும் வரலன்னுட்டேன். நான் போயிருந்தா அவ கடலுக்கே போயிருக்க மாட்டாம்மா.”

அம்மா தலையைத் தூக்கினாள். கண்ணீரில் முகம் பளபளத்தது. எழிலை உற்றுப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லப்போகிறாள், அதைச் சாகும்வரை சுமக்க வேண்டியிருக்கும் என்று எழில் நினைத்தாள்.

“பேசாத” என்றாள் அம்மா. “பேசனா ஒதடு இன்னும் வீங்கும்.”

முந்தானையால் எழிலின் வாயைத் துடைத்தாள். தட்டிலிருந்த குழம்புச் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்து, தயிரை ஊற்றி வேறு சோறு பிசைந்து கொண்டுவந்தாள். தானும் அழுதுகொண்டு, அழுகிறவளுக்கும் ஊட்டினாள்.

நைனா டூட்டி முடிந்து வந்தவர், அழுகைச் சத்தம் கேட்டுச் ஷூவைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தார். வாசற்படியிலேயே நின்றுவிட்டார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, நம்ம தமிழு செத்துட்டாங்க” என்றாள்.

அவர், “ஆமா விருத்தா” என்றார்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கும் நேரத்தில், அம்மா சார்ஜரிலிருந்து போனைப் பிடுங்கினாள். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து கூடத்தில் உட்கார்ந்தாள்.

“சொந்தக்காரங்களுக்குச் சொல்லணும். மொதல்ல தளவானூருக்குப் போடுங்க. மீனாவுக்கு.”

நைனா எழிலைப் பார்த்தார். அவர் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நம்பரைத் தேடிப் போட்டுக் கொடுத்தார்.

“மீனா, அக்கா பேசறேன். நம்ம தமிழு போயிட்டாடி. கடலு அடிச்சிகினு போயிடுச்சி.”

மறுமுனையில் இருந்தவள் அன்றைக்குப் பெட்டிமேல் விழுந்து அழுது, இடுகாடு வரைக்கும் தடுக்கத் தடுக்கப் பின்னாலேயே ஓடியவள். கொஞ்சநேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு, “ஐயோ அக்கா... எப்பக்கா?” என்று மீனம்பாள் கேட்பது எழிலுக்கும் கேட்டது. இப்போதுதான் கேள்விப்படுகிறவளைப்போலக் கதறினாள்.

அடுத்து தனகோட்டி. அதற்கடுத்து வல்லத்துப் பள்ளிக்கூட டீச்சர் கலைவாணி. அம்மா ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொன்னாள்: எந்தக் கடற்கரை, என்ன கிழமை, என்ன துணி போட்டிருந்தாள், உதட்டுக்குள் வளையம் போட்டிருந்தது உட்பட. எல்லோரும் அடக்கத்துக்கு வந்து, மண் போட்டுவிட்டுப் போனவர்கள். ஒருவர்கூடத் தெரியும் என்று சொல்லவில்லை.

எழில் எழுந்துபோய் விளக்கைப் போட்டுவிட்டு வந்து, அம்மாவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

“அடுத்தது யாருங்க?” என்று அம்மா கேட்டாள். நைனா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அடுத்த நம்பரைத் தேடினார்.